நாற்பது நொடித் தையல்

“முடியாதுன்னு சொல்லு.”

“மூணு பொத்தான் போட்டுட்டேனேங்க.”

“அதைத்தான் சொல்றேன். போடாத. போட முடியலன்னு சொல்லு.”

காலை ஏழரை மணி. அக்கா, தங்கை இருவரில் பெரியவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் கணவர் தன் பழைய சட்டையை ஒரு தலையணைக்கு மாட்டி அவள் மடியில் வைத்திருந்தார். ஒரு மாதமாகத் தினமும் இந்தப் பாடம்தான். முதல் பொத்தானில் கை நடுங்க வேண்டும். இரண்டாவதில் நழுவ வேண்டும். அங்கே கண்ணீர் வந்தால் நல்லது. வராவிட்டால் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும்.

பதினொரு மாதத்துக்கு முன்பு வரை நாலு பள்ளிக்கூடங்களின் சீருடையை ஒற்றை ஆளாகத் தைத்த கை அது. இரும்புக் குழாய் ஏற்றிவந்த லாரி, பத்தொன்பது மணி நேரம் தூங்காமல் ஓட்டிய டிரைவர், சாலையை விட்டு இறங்கி ஸ்கூட்டரோடு நின்றிருந்த அவள். டயர் ஸ்கூட்டர் மேல் ஏறியது. கயிறு அறுந்து சரிந்த குழாய்கள் அவள் வலது முன்னங்கையில் விழுந்தன. மூன்று ஆபரேஷன் முடிந்து நாலாவது பாக்கி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஓரளவு சொன்ன பேச்சைக் கேட்கின்றன. மற்ற மூன்றும் யாரோ இரவல் கொடுத்தது போல ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

போன வாரம், லாரி முதலாளியும் இன்சூரன்ஸ் கம்பெனியும் சேர்ந்து ஓர் ஆளைச் சமரசத்துக்கு அனுப்பியிருந்தார்கள். நனைகிற ஆட்டுக்காக அழும் ஓநாய் மாதிரி அவன் அரைமணி நேரம் அவள் கையைப் பார்த்து உருகிவிட்டு ஒரு பத்திரத்தை நீட்டினான். பெரியவள் அதைக் கடைசி வரி வரை படித்தாள். ‘இனி வரக்கூடிய சிகிச்சை உட்பட எந்த உரிமையும் கோரமாட்டேன்’ என்று இருந்தது. “கோர்ட்லயே பார்த்துக்கலாம்” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அன்றிலிருந்து கணவர் அவளிடம் சரியாகப் பேசவில்லை. பொத்தான் பாடம் மட்டும் நிற்கவில்லை.

“அத்தான், உள்ளதைச் சொன்னாப் போதும்னுதானே வக்கீலம்மா சொன்னாங்க?” கேட்டது சின்னவள். பேக்கரியில் பில் போடுகிறவள். அக்காவுக்கு அடிபட்ட மறுநாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டவள். அக்காவின் ஒன்பது வயது மகளுக்குத் தலை பின்னிக்கொண்டே கேட்டாள்.

“தோத்தா வக்கீலம்மா அடுத்த கேஸைப் பார்க்கப் போயிடுவாங்க. நாம எங்க போறது?”

“இல்ல அத்தான், நான் என்ன சொல்றேன்னா...”

“நீ ரிப்பனைக் கட்டு.”

அவர் குரல் உயரவில்லை. அவர் குரல் எப்போதுமே உயராது. மருந்துக்கடையில் பத்து வருஷம் நின்று வியாபாரம் பார்த்தவர். எதையும் பொட்டலம் கட்டித் தருவது போலத்தான் பேசுவார். ஆஸ்பத்திரிக்கு அலைந்த அலைச்சலில் அந்த வேலையும் போன மழைக்காலத்தோடு போய்விட்டது.

பெரியவள் நாலாவது பொத்தானை விட்டுவிட்டாள். “முடியாதுங்க” என்றாள்.

“இப்ப சரி.”

* * *

கோர்ட் வராந்தாவில் உட்கார இடமில்லை. பாண்டேஜ், ஊன்றுகோல், கழுத்துப்பட்டை என்று எல்லா வழக்கும் உடம்பிலேயே எழுதியிருந்தது. வக்கீலம்மா இரண்டு கட்டுக் கோப்புகளை இடுப்பில் குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு வேகமாக வந்தார்.

“இங்க பாருங்கம்மா. டாக்டர் சர்ட்டிபிகேட்ல கைக்கு நாற்பத்தஞ்சு சதவீதம் ஊனம்னு இருக்கு. ஆபீஸ்ல உட்கார்ந்து பேசுற வேலைன்னா அது வெறும் நாற்பத்தஞ்சுதான். ஆனா ஒரு டெய்லருக்குத் தொழிலே போச்சு. அதை நான் சட்டத்தை வச்சு நிரூபிக்கிறேன். நீங்க நடிச்சு நிரூபிக்க வேணாம். கொஞ்சம் முடியும்னா கொஞ்சம் முடியும்னு சொல்லுங்க. எவ்வளவு நேரம், அப்புறம் எப்படி வலிக்குது, அதையும் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்.”

“சரிங்கம்மா.”

“மறைக்கிற மாதிரி வேற எதுவும் இல்லையே?”

பெரியவள் ஒரு கணம் தயங்கினாள். “இல்லைங்க.”

வக்கீலம்மா அந்தத் தயக்கத்தைக் கவனித்தாரோ என்னவோ, அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலுக்கு வராந்தாவில் ‘சர்க்கரை வக்கீல்’ என்று பெயர். அவ்வளவு இனிப்பு. எழுந்ததுமே நீதிபதியைப் பார்த்து, “ஐயா, அந்தம்மாவுக்கு ஒரு நாற்காலி போடச் சொல்லணும்” என்றார். நாற்காலி வந்தது. தண்ணீரும் வந்தது. பெரியவளுக்கு அவரைப் பிடித்துக்கூடப் போயிற்று.

“கைவலி எப்படிம்மா இருக்கு?”

“இருக்குதுங்க.”

“பாவம். இந்தக் கையால இப்ப என்னவெல்லாம் செய்ய முடியுது?”

அவள் நிமிர்ந்தாள். மூன்றாவது வரிசையில் அவள் கணவர். அவர் வலதுகை சட்டையின் இரண்டாவது பொத்தானைத் தடவிக்கொண்டிருந்தது.

“எதுவும் முடியாதுங்க.”

வக்கீலம்மாவின் பேனா நின்றது.

“பாத்திரம் கழுவுறது?”

“முடியாதுங்க.”

“ஊசியில நூல் கோக்குறது?”

“முடியாதுங்க.”

“ஒரு பாவாடைக்குக் கீழ்மடிப்பு தைக்கிறது? சும்மா, நேர்த்தையல்?”

“முடியாதுங்க.”

ஒவ்வொரு முடியாதையும் டைப்பிஸ்ட் தட்டினாள். கூரை ஓட்டுப் பொத்தலில் மழை சொட்டுகிற மாதிரி ஒரே சீராக விழுந்தது அந்தச் சத்தம்.

“அப்ப, விபத்துக்கு அப்புறம் நீங்க தையல் மெஷின்ல உட்கார்ந்ததே இல்லைன்னு எழுதிக்கலாமாம்மா?”

அவள் மறுபடி மூன்றாவது வரிசையைப் பார்த்தாள். அவர் மெல்ல இமையை மூடித் திறந்தார்.

“உட்கார்ந்ததே இல்லைங்க.”

“நன்றிம்மா” என்றார் சர்க்கரை வக்கீல். பிறகு சுவரிலிருந்த டிவியைப் போடச் சொன்னார்.

முன்கூட்டித் தங்களிடம் காட்டவில்லை என்று வக்கீலம்மா எழுந்து கத்தினார். சாட்சி இப்போது சொன்னதற்கு இதுதான் பதில் என்றார் சர்க்கரை வக்கீல். நீதிபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “போடுங்க, பார்க்கலாம்” என்றார்.

நாற்பது நொடி. அவ்வளவுதான்.

அவள் வீட்டு முன்னறை. ஜன்னலோரத்தில் மெஷின். அதில் பெரியவள் உட்கார்ந்திருக்கிறாள், பக்கவாட்டில் முகம் தெரிகிறது. மகளின் சாம்பல் நிறப் பள்ளிப் பாவாடை ஊசிக்குக் கீழே நகர்கிறது. வலதுகை துணியைத் தள்ளுகிறது. அவள் சிரிக்கிறாள். “சூப்பர்க்கா!” என்று ஒரு குரல். அதோடு படம் அணைந்தது.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“உங்களுக்கு இரட்டைப் பிறவி யாராவது இருக்காங்களாம்மா?”

சிரிப்பு பரவியது. கழுத்துப்பட்டை போட்டவர்கூட வலியோடு சிரித்தார்.

“பதில் வேணாம்மா. கஷ்டப்படாதீங்க. இன்னும் ஒண்ணே ஒண்ணு. உண்மையைத் தவிர வேறெதுவும் பேச மாட்டேன்னு காலையில இந்தக் கூண்டுல சத்தியம் பண்ணீங்களே, எந்தக் கையைத் தூக்கினீங்க?”

“வலது கைங்க.”

“அது மட்டும் முடிஞ்சிருக்கு” என்றார் அவர், ரொம்ப வருத்தத்தோடு.

இரண்டு மணிக்கு மறுபடி கூடும் என்று நீதிபதி எழுந்தார்.

* * *

பெண்கள் கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது. பெரியவள் சுவரில் சாய்ந்து நின்றாள். கை கழுவ வந்த ஒருத்தி அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “உங்களை மாதிரி ஆளுங்களாலதான் நிஜமா அடிபட்டவங்களையும் நம்ப மாட்டேங்கிறாங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு ஒரு கால் இல்லை. அதனால் பெரியவளால் திருப்பி எதுவும் சொல்ல முடியவில்லை.

சின்னவள் உள்ளே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

“நான்தான்க்கா எடுத்தேன்.”

“குரலைக் கேட்டேனே.”

“அக்கா தைக்கிறாளேன்னு ஒரு சந்தோஷம்க்கா. அவ்வளவுதான். வேற எதுவும் நினைக்கலக்கா.”

“எனக்குந்தான் சந்தோஷம். அழாதே.” பெரியவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. மகள் பாவாடைக் கீழ்மடிப்பு பிரிந்து நின்றது. வெளியே கொடுத்துத் தைக்க மனசு வரவில்லை. “யார் யாருக்கு அனுப்பினே? பேக்கரிப் பொண்ணுங்களுக்கா?”

“இல்லக்கா.”

“பின்ன யாருக்கு?”

சின்னவள் போனை எடுத்து நீட்டினாள். ஒரே ஒரு பெயருக்குத்தான் போயிருந்தது. ‘அத்தான்’. கூடவே அவள் எழுதிய வரியும் இருந்தது: ‘அத்தான் சீக்கிரம் வாங்க, அக்கா கையைப் பாருங்க!’

பெரியவள் அதை இரண்டு முறை படித்தாள். பிறகு முகத்தைக் கழுவினாள். இடது கையால்தான், நிதானமாக.

கணவர் வராந்தாக் கோடியில் நின்றிருந்தார். பக்கத்தில் அந்தச் சமரச ஆள். அதே பத்திரம். பெரியவளைப் பார்த்ததும் அந்த ஆள் கும்பிட்டுவிட்டு நாசூக்காகப் பத்தடி தள்ளிப் போய் நின்றான்.

“நடந்தது நடந்துபோச்சு” என்றார் கணவர். “இனிமே அந்த ஜட்ஜு நம்மளை நம்ப மாட்டாரு. கிடைச்சதை வாங்கிக்கிட்டு வெளியேறிடலாம். கையெழுத்தைப் போடு.”

“வீடியோவை எப்ப கொடுத்தீங்க?”

“என்ன வீடியோ?”

“அத்தான், உங்களுக்கு மட்டும்தான் அனுப்பினேன்” என்றாள் சின்னவள்.

அவர் மறுக்கப் போகிறார் என்றுதான் பெரியவள் நினைத்தாள். மறுத்திருந்தால்கூடத் தேவலை. அவர் பத்திரத்தை நாலாக மடித்து, பிறகு பிரித்தார்.

“போன வாரம் நீ இதைத் திருப்பிக் கொடுத்தியே, அன்னைக்குக் கொடுத்தேன்.”

“அதுக்கப்புறமும் தினம் காலையில சட்டையை மடியில வச்சீங்களே!”

“நீ முடியாதுன்னு சொன்னாத்தானே அவங்க போட்டுக் காட்ட முடியும்?”

பெரியவளுக்கு உடனே புரியவில்லை. பிறகு புரிந்தது: போன வாரத்திலிருந்து நடந்த பாடம் அவளைப் பொய்யில் மாட்டிவிடத்தான். பாம்புக்குத் தலையையும் மீனுக்கு வாலையும் காட்டுகிறவர்களை அவள் பார்த்திருக்கிறாள். ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு காட்டுவார்கள் என்று நினைத்ததில்லை.

“என்ன தர்றேன்னாங்க?”

“பிச்சையா கேட்டேன்? வேலை கேட்டேன். அவங்க லாரி ஷெட்ல சூப்பர்வைசர். ஒண்ணாம் தேதி சேரணும், கேஸ் முடிஞ்சா.”

“என் கையை நசுக்கின லாரி நிக்கிற ஷெட்டா?”

“எந்த ஷெட்டா இருந்தா என்ன? பதினொரு மாசம் உனக்குச் சோறு ஊட்டி, தலை வாரி, டாய்லெட்டுக்குக் கூட்டிட்டுப் போயி... உன் கைக்கு நஷ்டஈடு கேட்டு ஊரே நிக்குது. என் வேலை போச்சே, அதுக்கு எந்தக் கோர்ட்ல கேஸ் போடுறது?”

அதில் பொய் இல்லை. அதுதான் கொடுமை. அவர் தலை வாரிவிட்டது நிஜம். ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. முகம் சுளிக்காமலே இதையும் செய்திருக்கிறார்.

“வக்கீலம்மாகிட்டச் சொல்லி இதை எழுதிக் கொடுக்கலாம்ல?” என்றாள் அவள். “கூட இருந்து பார்த்துக்கிட்டவங்களுக்கும் சட்டத்துல உண்டுன்னு முதல் நாளே சொன்னாங்களே. நீங்கதான் அன்னைக்கு வரல.”

அவர் பத்திரத்தை நீட்டினார். “கையெழுத்தைப் போடு” என்றார்.

அவள் பத்திரத்தை வாங்கினாள். வாங்கிச் சின்னவளிடம் கொடுத்தாள். “இதை வக்கீலம்மாகிட்டக் கொண்டு போ. உன் போனையும்.”

* * *

வக்கீலம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்துவிட்டு, போனில் இருந்த முழு வீடியோவையும் பார்த்தார். ஆறு நிமிஷம் ஓடியது.

“இதை ஏம்மா என்கிட்ட முதல்லயே சொல்லல?”

“தைக்க முடியுதுன்னு தெரிஞ்சா கேஸு நிக்காதுன்னு அவர் சொன்னாருங்க.”

“இந்த ஆறு நிமிஷத்தை நானே காட்டியிருப்பேன். இதைவிட நல்ல சாட்சி உங்களுக்குக் கிடையாது.” வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்தார். “கேளுங்க. ரெண்டு வழி இருக்கு. கையெழுத்துப் போட்டா இன்னைக்கே முடிஞ்சிடும். நாலாவது ஆபரேஷன் உங்க பாடு. இல்ல, மறுபடி கூண்டுல ஏறிக் காலையில சொன்னது பொய்னு ஒத்துக்கணும். ஜட்ஜு கோவப்படலாம். தொகையைக் குறைக்கலாம். பொய்ச்சாட்சின்னு உங்க மேலயே நடவடிக்கை எடுக்கவும் அவருக்கு அதிகாரம் இருக்கு. நான் சும்மா ஆறுதலுக்குச் சொல்ல மாட்டேன்.”

“ஜெயிலாங்க?”

“அவ்வளவு தூரம் போகாதுன்னு நினைக்கிறேன். நினைக்கிறேன், அவ்வளவுதான்.”

பெரியவள் தன் வலது கையைப் பார்த்தாள். இரவல் விரல்கள் மூன்றும் மடங்கியே கிடந்தன.

“ஏறுறேங்க” என்றாள்.

இரண்டு மணிக்கு அவள் நாற்காலி வேண்டாம் என்றாள். நின்றுகொண்டே சொன்னாள்.

“ஐயா, காலையில நான் சொன்னது பொய். தைச்சேன். ஒரு தடவை. என் பொண்ணு பாவாடைக்கு. முழுசாப் பார்த்துட்டு என்ன தண்டனை வேணும்னாலும் கொடுங்க.”

சர்க்கரை வக்கீல் துள்ளி எழுந்தார். நீதிபதி கையமர்த்தினார். சின்னவளின் போனை டிவியில் இணைத்தார்கள்.

முதல் நாற்பது நொடி எல்லோரும் பார்த்ததுதான். நாற்பத்தைந்தாவது நொடியில் சக்கரம் நின்றது. துணி மேல் இருந்த விரல்கள் சுருண்டு கோழிக்கால் மாதிரி இறுகின. பெரியவள் இடது கையால் அவற்றைப் பிரிக்கப் பார்க்கிறாள், பிரியவில்லை. “அக்கா? அக்கா என்னாச்சு?” படம் ஆடுகிறது, தரையைக் காட்டுகிறது. அணைக்க மறந்த போன் கீழே கிடக்க, மீதி ஐந்து நிமிஷமும் சத்தம் மட்டும்தான். அது மனிதச் சத்தம் என்று தெரியக் கொஞ்ச நேரம் ஆகும்.

பின்வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. டைப்பிஸ்ட் கையைத் தூக்கி வைத்திருந்தாள்.

“நிறுத்துங்க” என்றார் நீதிபதி. பிறகு, இன்சூரன்ஸ் வக்கீலைப் பார்த்து, “உங்ககிட்ட வந்தது எவ்வளவு நீளம்?”

“நாற்பது நொடிங்க ஐயா. வந்ததை வந்தபடி...”

“யார்கிட்ட இருந்து வந்தது?”

சர்க்கரை வக்கீல் கோப்பைப் புரட்டினார். நீதிபதி பெரியவள் பக்கம் திரும்பினார்.

“எதுவும் முடியாதுன்னு சொல்லச் சொல்லி உங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது யார்?”

“என் வீட்டுக்காரர்ங்க.”

“வீடியோவை வெட்டி அவங்களுக்குக் கொடுத்தது?”

“அவரேதாங்க.”

நீதிபதி வெகுநேரம் எழுதினார். மின்விசிறி காற்றில் காகிதம் படபடத்தது. “அவர் இங்க இருக்காரா?”

மூன்றாவது வரிசையில் அவர் எழுந்தார். சட்டையை இழுத்து நேராக்கிக்கொண்டார். பயந்தவர் மாதிரி இல்லை.

“ஐயா, நான் செஞ்சது தப்புதான்” என்றார், அந்தப் பொட்டலம் கட்டும் குரலில். “ஆனா இவ்வளவு உண்மை பேசுறவ இன்னொண்ணையும் பேசியிருக்கணும். லாரி மோதின நிமிஷத்துல இவ போன்ல பேசிக்கிட்டு இருந்தா. பேசிக்கிட்டே வண்டி ஓட்டினா. எனக்குத் தெரியும். எதிர்முனையில நான்தான் இருந்தேன்.”

வக்கீலம்மா சட்டென்று திரும்பிப் பெரியவளைப் பார்த்தார். பதினொரு மாதத்தில் இந்தச் செய்தி ஒரு காகிதத்திலும் இல்லை. சர்க்கரை வக்கீலின் முகத்தில் இனிப்பு திரும்பி வந்தது. விபத்தில் அவள் பங்கும் உண்டென்றால் பாதி வழக்கு அங்கேயே சரிந்துவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

“உண்மையாம்மா?” என்றார் நீதிபதி. “யோசிச்சுச் சொல்லுங்க. இன்னைக்கு ரெண்டாவது தடவை பொய் சொன்னா நான் சும்மா விடமாட்டேன்.”

சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“பேசினது உண்மைங்க ஐயா. ஓட்டிக்கிட்டுப் பேசல. வண்டியை ஓரமா நிறுத்திட்டுத்தான் எடுத்தேன்.”

“இதை ஏன் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல?”

பெரியவள் கணவரைப் பார்த்தாள். காலையிலிருந்து எத்தனையோ தடவை பார்த்தாள். அவர் என்ன சொல்லச் சொல்கிறார் என்று தெரிந்துகொள்ளப் பார்த்தாள். இப்போது அப்படிப் பார்க்கவில்லை.

“அதைச் சொன்னா, எங்களை விட்டுட்டுப் போறேன்னு போன்ல அவர் என்னென்ன பேசினாருன்னும் சொல்ல வேண்டி வரும்ங்க. என் பொண்ணுக்காக மூடி வச்சிருந்தேன்.”

மூன்றாவது வரிசையில் அவர் மெல்ல உட்கார்ந்தார். பத்து வருஷத்தில் முதல் முறையாக அவர் குரல் உயர்ந்தது. “ஏய், வேணாம்!”

“சொல்லுங்கம்மா” என்றார் நீதிபதி. டைப்பிஸ்ட் விரல்களைத் தட்டச்சுப் பொறியின் மேல் வைத்தாள்.